திருத்துவதற்கு முன் இருந்த அளவு



உங்கள் இல்லத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் மின்னணுக் கருவி ஒன்று இருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சொல்லும் சிறு கருவியும் இருக்கலாம். அவை காட்டும் எண்ணை நம்பியே மருந்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். "கருவியே காட்டுகிறது, பிறகென்ன?" என்று அமைதி கொள்கிறோம். ஆனால் அந்தக் கருவி உண்மையைத்தான் காட்டுகிறது என்பதற்குச் சாட்சி யார்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. கோவையில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றினேன். தொழிலில் இதனைக் 'கேலிபரேஷன்' என்பார்கள். அளவொப்பீடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் நான் செய்த ஒரு பிழையையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். பிழையை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இல்லாமற் போகும் என்பதை முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

ஈயம் விழுந்த எடைக்கல்

கதை என் அத்தாவின் கடையிலிருந்து தொடங்குகிறது. திண்டுக்கல் பேகம்பூரில் அவர் ஒரு சிறு மளிகைக்கடை வைத்திருந்தார். காலையில் கடை திறந்ததும் 'பிஸ்மி' சொல்லித் தராசைத் தூக்கி, இரு தட்டுகளும் வெறுமையாக இருக்கையில் முள் நடுவே நிற்கிறதா என்று பார்ப்பார். தட்டின் அடியில் புளியை ஒட்டி எடையில் ஏய்ப்போர் அக்காலத்தில் இருந்தார்கள். "நாம் ஒட்டாவிட்டாலும் தானாக ஒட்டியிருக்கும் அழுக்கு நமக்காகத் திருடும்" என்பார் அத்தா.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் இன்னொரு வேலையும் செய்வார். இரண்டு கிலோ கல்லை ஒரு தட்டிலும், ஒரு கிலோ கற்கள் இரண்டை மறு தட்டிலும் வைத்துப் பார்ப்பார். கல்லுக்குக் கல் சாட்சி.

1978ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, முள் நடுவில் நிற்கவில்லை. இரண்டு கிலோ கல் இருந்த தட்டு மேலே போயிற்று. கல்லைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இரும்பு எடைக்கற்களில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை நிரப்பி, எடையைச் சரிபார்த்து, அந்த ஈயத்தின் மீதே அரசு முத்திரை இடுவார்கள். அந்த ஈயம் எங்கோ கழன்று விழுந்துவிட்டிருந்தது. சிறு கற்களைச் சேர்த்து நிறுத்துப் பார்த்ததில் நாற்பது கிராம் குறைந்தது. பத்துக் கிலோ அரிசி வாங்கிய வீட்டுக்கு இருநூறு கிராம் குறைவாகப் போயிருக்கிறது!

அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். "முத்திரை ஆய்வாளரிடம் கொடுத்து ஈயம் நிரப்பிக்கொண்டால் போகிறது, அத்தா" என்றேன். அத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லைச் சரிசெய்துவிடலாம் தம்பி. கல் கெட்டிருந்தபோது நாம் போட்ட அரிசியை யார் சரிசெய்வது?"

போன வெள்ளியன்று கல் சரியாக இருந்தது. ஆகவே இடைப்பட்ட ஏழு நாட்களில் எப்போது வேண்டுமானாலும் ஈயம் விழுந்திருக்கலாம். எந்த நாள் என்று அறிய வழியில்லை. அதனால் ஏழு நாட்களையுமே கெட்ட நாட்களாகக் கணக்கிட்டார் அத்தா. பற்று ஏட்டைப் புரட்டி, அந்த வாரம் அரிசியும் பருப்பும் வாங்கியோர் பெயர்களைக் குறித்தார். அன்று மாலை நானும் அவரும் வீடு வீடாகச் சென்று, குறைந்த அளவைக் கொடுத்துவிட்டு வந்தோம். ரொக்கத்துக்கு வாங்கிச் சென்ற, பெயர் தெரியாதவர்களின் பங்கை ஒரு கணக்காக ஊகித்து, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு, அவர்கள் சார்பில் ஏழைகளுக்கு ஈந்தார்.

சிலர் சிரித்தார்கள். "இரண்டு கை அரிசிக்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் ராவுத்தரே?" என்றார்கள். அத்தா பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைச் சோதனையின் பயன் மட்டும் எனக்கு அன்று விளங்கிற்று. அவர் மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே சோதித்திருந்தால், ஒரு மாதத்து வீடுகளுக்கெல்லாம் நடக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு கட்டங்கள்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 'மல்டிமீட்டர்' என்ற கருவியை மின்பணியாளர் கையில் பார்த்திருப்பீர்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளந்து எண்ணாகக் காட்டும். இதை அளவொப்பீடு செய்வது எவ்வாறு? முதலில், வெப்பநிலை மாறாமல் வைக்கப்பட்ட அறையில் கருவியைச் சில மணி நேரம் இருக்க விடுவோம். வெயிலில் இருந்து வந்த கருவி, அறையின் குளிர்ச்சிக்குப் பழகுமுன் உண்மை பேசாது. பிறகு, மிகத் துல்லியமான மின்னழுத்தத்தைத் தரும் 'கேலிபிரேட்டர்' என்ற கருவியுடன் அதை இணைப்போம். பத்து வோல்ட் கொடுத்தால் மீட்டர் என்ன காட்டுகிறது? ஐந்து கொடுத்தால்? பதினைந்து கொடுத்தால்? ஒன்றும் கொடுக்காதபோது பூச்சியம் காட்டுகிறதா? அத்தா வெறுந்தட்டைத் தூக்கிப் பார்த்தது போலத்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அளவொப்பீடு என்றால் கருவியைத் திருத்துவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் இலக்கணம் அதுவன்று. உண்மையோடு ஒப்பிட்டு, உள்ள வேறுபாட்டை உள்ளபடி எழுதுவதே அளவொப்பீடு. திருத்துவது அதற்குப் பின் வரும் வேறு வேலை. அதனால் திருத்தம் செய்யப்பட்ட கருவியின் சான்றிதழில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று, கருவி வந்தபோது இருந்த நிலை. மற்றொன்று, திருத்தி அனுப்பும்போது உள்ள நிலை. முதல் கட்டத்தை நிரப்பாமல் திருப்புளியைக் கையில் எடுப்பது பெருங்குற்றம். ஏனெனில், திருகைத் திருப்பிய மறுகணமே பழைய பிழை அழிந்துவிடும். பிறகு அதை எவராலும் கண்டறிய முடியாது.

ரமளான் மாலையில்

2003ஆம் ஆண்டு ரமளான் மாதம். கோவை கணபதிப் பகுதியில் மின்கல மின்னேற்றிகள் செய்யும் சிறு பட்டறையின் உரிமையாளர், தம் மல்டிமீட்டரைத் தாமே எடுத்து வந்தார். வயதில் மூத்தவர், உழைப்பால் உயர்ந்தவர். மாலையில் அவர் திரும்பி வந்தபோது நோன்பு திறக்க ஒரு மணி நேரமே இருந்தது.

நான் சோதித்துப் பார்த்திருந்தேன். பத்து வோல்ட்டுக்கு அது 9.70 காட்டியது. ஐந்துக்கு 4.85. பதினைந்துக்கு 14.55. எல்லா இடத்திலும் நூற்றுக்கு மூன்று குறைவு. அந்தக் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட பிழை நூற்றுக்கு அரை மட்டுமே. எண்களை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் குறித்துவிட்டு, உள்ளே இருந்த சிறு திருகைத் திருப்பினேன். 10.00 என்று வந்து நின்றது.

"மீட்டர் மூன்று சதவீதம் குறைவாகக் காட்டியிருக்கிறது" என்றேன்.

அவர் முகம் வாடியது. "இப்ப சரியாயிருச்சுங்களா பாய்?"

"ஆயிற்று."

"அப்ப சரியானதை மட்டும் எழுதிக் கொடுத்திருங்க. தப்புன்னு எழுதினா, என்கிட்ட சரக்கு வாங்கற கம்பெனியில ஆயிரம் கேள்வி கேப்பாங்க. சின்னத் தொழிலுங்க."

நான் தயங்கினேன். பாங்குக்கு நேரமாகிறது. எதிரே நிற்பவர் நல்ல மனிதர். கருவியோ இப்போது சரியாக இருக்கிறது. யாருக்கு என்ன நட்டம்? இரக்கம் என்று எண்ணிக்கொண்டே இரு கட்டங்களிலும் 10.00 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நோன்பு நோற்ற கையால்!

அன்றிரவு தராவீஹ் முடிந்து பள்ளியில் அமர்ந்திருந்தபோது சட்டைப்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். 9.70 என்று நான் எழுதிய துண்டுத்தாள். அக்கணமே அத்தாவின் குரல் செவியில் கேட்டது. 'கல் கெட்டிருந்தபோது போட்ட அரிசியை யார் சரிசெய்வது?'

அந்தப் பட்டறையில் இந்த மீட்டரை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அப்போதுதான் சிந்தித்தேன். பன்னிரண்டு வோல்ட் மின்கலம் எப்போதும் மின்னேற்றியோடு இணைந்திருக்க வேண்டுமானால், அதற்குக் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெப்பமான இடமானால் இன்னும் சற்றுக் குறைக்க வேண்டும். பட்டறையில் மீட்டரைப் பார்த்து 13.6 என்று அமைத்திருப்பார்கள். குறைவாகக் காட்டும் மீட்டரில் 13.6 என்றால், உண்மையில் அது 14.0. அடுப்பில் பால் வைத்து, தீயைச் சற்றே கூடுதலாக விட்டுவிட்டு நாட்கணக்கில் மறந்து போவதைப் போன்றது இது. மின்கலத்தின் உள்ளேயிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். கலம் சூடேறி வீங்கும். உரிய காலத்துக்கு முன்பே உயிரை விடும். மின்சாரம் நின்ற நேரத்தில்தான் அது செத்திருப்பது தெரியவரும்.

மீட்டரை நான் சரிசெய்துவிட்டேன். அது கெட்டிருந்தபோது அமைக்கப்பட்ட மின்னேற்றிகளை எவரும் சரிசெய்யப் போவதில்லை. ஏனெனில், அப்படியொரு பிழை இருந்ததற்கான ஒரே சாட்சியத்தை நான் அழித்துவிட்டேன்.

நனைந்த தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுவோரைக் கண்டித்தார்கள் அண்ணலார். தானியம் நனைந்தது அந்த வணிகரின் குற்றமன்று. மழை இறைவன் அனுப்பியது. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம்.

மீட்டர் பிசகியதும் எவருடைய குற்றமும் அன்று. காலமும் வெப்பமும் ஈரமும் எந்தக் கருவியையும் பிசகச் செய்யும். 9.70 என்ற ஈரத்தை அடியில் வைத்து, 10.00 என்ற உலர்ந்த தானியத்தை மேலே பரப்பியவன் நான்தான்.

மறுநாள் காலை மேலாளரிடம் துண்டுத்தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சான்றிதழின் படியை எடுத்துக் குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதினார். அடுத்து, கடந்த சில மாதங்களில் நான் கையொப்பமிட்ட படிகளையெல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினார். "இவற்றில் வேறு எதிலாவது இப்படிச் செய்ததுண்டா?" என்றார்.

"இல்லை" என்றேன். அது உண்மை. ஆனால் அதை நம்புவதற்கு அவருக்கு இனிமேல் காரணம் ஏதும் இல்லை. ஈயம் எந்த நாளில் விழுந்தது என்று தெரியாததால் ஏழு நாட்களும் கெட்டன அல்லவா? அதுபோல ஒரு பொய்யால் என் மற்றச் சான்றுகள் அனைத்தும் ஐயத்துக்கு உள்ளாயின. ஆறு மாத காலம் நான் தனியே கையொப்பமிட அனுமதிக்கப்படவில்லை. நியாயமான தண்டனை.

அன்றே கணபதிக்குச் சென்றேன். உரிமையாளர் சினந்தார். "சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இன்னைக்குத் தப்புன்னு வர்றதும் நீங்க. எதை நான் நம்பறதுங்க பாய்?" என்றார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. அத்தாவின் எடைக்கல் கதையை மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் தம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து விற்பனை ஏட்டை எடுத்து வந்தார்.

முந்தைய அளவொப்பீடு பதினான்கு மாதங்களுக்கு முன் நடந்திருந்தது. அன்று மீட்டர் சரியாக இருந்ததற்குச் சான்று இருந்தது. அதன்பின் விற்ற மின்னேற்றிகள் முப்பத்தேழு. பட்டறை ஊழியரோடு நானும் விடுமுறை நாட்களில் சென்று, ஒவ்வொன்றாக அளந்து அமைத்துக் கொடுத்தோம். முப்பத்து மூன்றைக் கண்டுபிடித்தோம். எஞ்சிய நான்கு எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. இரண்டு இடங்களில் மின்கலம் வீங்கியிருந்தது. அவற்றில் ஒன்று ஒரு சிறு மகப்பேற்று மனையின் விளக்குகளுக்காக வைத்தது. அந்த மின்கலத்தைக் கையால் தொட்டபோது அதன் சூடு என் உள்ளத்தைச் சுட்டது. பட்டறை உரிமையாளர் இரண்டுக்கும் புதிய மின்கலம் வாங்கிக் கொடுத்தார். நான் பங்கு தர முன்வந்தபோது மறுத்துவிட்டார்.

அதன்பின் அவர் எங்கள் ஆய்வகத்துக்கு வரவே இல்லை. வேறிடத்தில் சான்று பெறுவதாகக் கேள்விப்பட்டேன். ஓராண்டு கழித்து அவ்வழியே சென்றபோது சாளரத்தின் வழியாகப் பட்டறையைப் பார்த்தேன். மேசைமீது ஒன்றுக்கு இரண்டாக மீட்டர்கள் இருந்தன. ஊழியர் ஒரே மின்கலத்தை இரண்டிலும் அளந்து ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கல்லுக்குக் கல் சாட்சி! உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டேன்.

அறுபடாத தொடர்

"அந்த மீட்டருக்குச் சாட்சி உங்கள் கேலிபிரேட்டர். அதற்குச் சாட்சி யார்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எங்கள் கருவி அதனினும் துல்லியமான வேறோர் ஆய்வகத்துக்குச் சென்று சோதிக்கப்பட்டு வரும். அவ்வாறு படிப்படியாக ஏறினால் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சென்று முடியும். 1947 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம் அது. வோல்ட் என்ற அளவை இந்நாளில் 'ஜோசப்சன் விளைவு' என்ற இயற்கை விதியைக் கொண்டு நிலைநாட்டுகிறார்கள். பிரயன் ஜோசப்சன் என்ற இளைஞர் தமது இருபத்திரண்டாம் வயதில், 1962இல் கண்டுரைத்த விதி அது. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடுங்குளிரில் வைக்கப்பட்ட மீகடத்திச் சந்திகளின்மீது நுண்ணலையைச் செலுத்தினால், அலையின் அதிர்வெண்ணுக்கு ஏற்ற மின்னழுத்தம் பிசகாமல் பிறக்கிறது. இதற்கு அடிப்படையான மாறிலிகள் 2019 மே 20 முதல் உலகெங்கும் மாறாத எண்களாக நிறுவப்பட்டுள்ளன.

மனிதன் செய்த கருவி பிசகும். இறைவன் படைப்பில் வைத்த விதி பிசகுவதில்லை. அந்த விதியிலிருந்து பட்டறை மீட்டர் வரை ஒரு தொடர் வருகிறது. நபிமொழிக்கு அறிவிப்பாளர் தொடர் இருப்பதைப் போன்றது இது. தொடரில் ஒருவர் நம்பத்தகாதவர் என்றால் அறிவிப்பே பலவீனமாகிவிடும் என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் விதி. நான் 10.00 என்று எழுதிய அன்று, அத்தொடரின் நம்பத்தகாத கண்ணி நானே.

அளவைச் சரிபார்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டளவில் எகிப்தில், பொற்காசுகளின் எடையைச் சோதிக்கக் கண்ணாடியால் எடைக்கற்கள் வார்த்து, பொறுப்பான அதிகாரியின் பெயரை அவற்றில் பொறித்தார்கள். ஓரத்தைச் சுரண்டினால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். மர்வ் நகரத்து அறிஞர் அல்காஸினீ, கி.பி. 1121ஐ ஒட்டித் தராசைப் பற்றியே 'மீஸானுல் ஹிக்மா' என்று ஒரு பெருநூல் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவில் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. மத்யன் நகர மக்களுக்கு ஷுஐப் நபி (அலை) அவர்கள் இடைவிடாது எடுத்துரைத்த செய்தியும் இதுவே.

உங்கள் இல்லத்தில்

அன்புச் சகோதர சகோதரிகளே! இதில் உங்களுக்கான செய்தி என்ன? அடுத்தமுறை மருத்துவரிடம் செல்கையில் உங்கள் இரத்த அழுத்தக் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கருவியில் பார்த்த உடனே உங்களுடையதிலும் பாருங்கள். இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். சர்க்கரைக் கருவியையும் ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்கும் அதே வேளையில் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வேறுபாடு இயல்பே. பெரிய வேறுபாடு தென்பட்டால், கருவியை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். இதுநாள்வரை அந்தக் கருவியை நம்பி உட்கொண்ட மருந்தின் அளவைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய எண்களைக் குறித்த தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

கருவிக்கு மட்டுமா இது? தவறு செய்தவன் திருந்திவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இறைவனுக்கும் நமக்கும் இடையிலான குற்றத்துக்கு மனமுருகிய தவ்பா போதும், அவன் மன்னிப்போன். மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டதாயின், உரியவரிடம் உரியதைச் சேர்க்காமல் பொறுப்பு நீங்காது என்று நம் மார்க்க அறிஞர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். இன்று நாம் சரியாகிவிட்டோம் என்பது இரண்டாவது கட்டம். நாம் பிசகியிருந்த நாட்களில் யாருக்கு என்ன குறைத்தோம் என்பது முதல் கட்டம். அதை வெறுமையாக விட்டோ, பொய்யாக நிரப்பியோ கையொப்பமிட முடியாது.

அத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஈயம் விழுந்த அந்த எடைக்கல்லுக்குப் பிறகு ஈயம் நிரப்பி முத்திரை பெற்றார். அது இன்றும் என் மேசைமீது இருக்கிறது. அதனருகே, சட்டமிட்டு வைத்திருக்கிறேன், 9.70 என்று பென்சிலால் எழுதிய துண்டுத்தாளை. இன்னும் கண்டுபிடிக்கப்படாத நான்கு மின்னேற்றிகளின் கணக்கு என்மீது நிற்கிறது என்பதை அது நாள்தோறும் நினைவூட்டுகிறது.

அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் நிறுக்கப்படும் மீஸானின் முன் நாமெல்லாம் நிற்கப் போகிறோம். அந்தத் தராசில் பிசகு இருக்காது. அதற்கு முன்னரே நம் கணக்கை நாமே உள்ளபடி எழுதிக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.